நனையக் கூடாது

எடைக்குத்தான் தருவேன் என்றார் நயாஸ் பாய்.
பலகையை யாராவது எடைக்கு விற்பார்களா?
"பலகைன்னா பலகை. இது பெட்டி.
உள்ள வந்தது இறங்கிப் போயிடுச்சு மேடம்,
மிச்சம் எடைதான்."

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்.
துருப்பிடித்த ரேக்குக்கும் கிழிந்த தார்ப்பாய்க்கும் நடுவில்
சாய்ந்திருந்தன எட்டு ஓ.எஸ்.பி. பலகைகள்.
கிட்டே போய்ப் பார்த்தால்
பாக்குச் சீவலைப் பரப்பிப் பசை ஊற்றி
யானை ஏறி நின்ற மாதிரி.
அந்தச் சீவலுக்கும் திசை உண்டு.
மேலும் கீழும் நெடுக்கே,
நடுவில் குறுக்கே.
ஒன்று வளையப் பார்த்தால் இன்னொன்று விடாது.

பையிலிருந்து வெர்னியரை எடுத்து வைத்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
நயாஸ் பாய் சிரித்துவிட்டார்.
கத்திரிக்காய் வாங்க வந்தவள்
காம்பை அளந்ததுபோல் இருந்திருக்கும்.
பதினேழு வருஷப் பழக்கம், பாய்.

இரண்டாவது பலகையைத் திருப்பினேன்.
கறுப்பு மையில் ஒரு குடை,
ஒரு கோப்பை, மேலே பார்க்கும் இரண்டு அம்பு.
கீழே
எங்கள் கம்பெனி விலாசம்.

அப்படியா, நீதானா.
தை மாதம் கிரேன் வைத்து இறக்கினார்களே.
பூசணிக்காய் உடைத்தார்கள், எலுமிச்சை நசுக்கினார்கள்,
நிமிஷத்துக்கு நாற்பது துளை அளக்கும் என்றார்கள்,
ஷிப்டில் இருந்த எல்லோருக்கும் லட்டு.
நானும் ஒன்று தின்றேன். நெய் லட்டு.
சித்திரையில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டோம்
ஸ்டோர் மேசையில், ஒரே பேனாவில்.

நூற்று எழுபத்திரண்டு கிலோ.
பேரம் பேசவில்லை.

அப்பிகெரேயில் வீட்டுக்குப் பின்னால்
ஆறடிக்கு நாலடி கொட்டகை.
நாய்க்கா என்று கேட்டார் வீட்டுக்காரர் சன்னம்மா, கன்னடத்தில்.
மண்வெட்டிக்கு என்றேன், பூவாளிக்கு,
வேப்பம்பிண்ணாக்கு மூட்டைக்கு.
எனக்கும் என்று சொல்லவில்லை.

நாலு ஹாலோ பிளாக், மேலே சட்டம்.
மண்ணைத் தொட விடக் கூடாது.
பலகைக்கும் பலகைக்கும் இடையில்
இரண்டு ஒரு ரூபாய் நாணயம் சேர்ந்து நுழையும் சந்து,
ஊதினால் ஒன்றையொன்று முட்டாமலிருக்க.
முகத்துக்கு ஒரு கோட் பெயிண்ட் போதும்.
ஓரத்துக்கு மூன்று.
அறுபட்ட இடத்தில்தான் அது தண்ணீர் குடிக்கும்.
கதவின் அடி ஓரம் வரும்போது
டப்பா காலி.
நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று
பிரஷ்ஷைக் கழுவினேன்.

ராத்திரியே ஆலங்கட்டி.
காலையில் கதவு மூடவில்லை.
அடி ஓரம் டீயில் ஊறிய ரஸ்க்,
சீவல்கள் ஒவ்வொன்றாய்த் தலைதூக்கி
இஷ்டத்துக்கு ஒரு திசை.
வெர்னியர் வைத்தேன்: பதினைந்து புள்ளி நாலு.
எவ்வளவு பிழை வரை ஏற்கலாம் என்று
யாரும் தாளில் எழுதித் தரவில்லை.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பழகிய கை
கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

நாலு நாள் வெயிலில் காயவிட்டு
உப்புத்தாளால் தேய்த்தேன், பெயிண்ட் அடித்தேன்.
இப்போதும் இடிக்கிறது.
இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினால்
மூடிக்கொள்ளும்.

அப்புறம்தான் கவனித்தார் கிளமெண்ட்,
கதவுக்குப் பக்கத்துப் பலகை தலைகீழ்.
குடை கவிழ்ந்து கிடக்கிறது,
அம்பு இரண்டும் மண்ணைக் காட்டுகின்றன.
கழற்றித் திருப்பிவிடவா என்றார்,
ஸ்குரூடிரைவரோடு.

வேண்டாம்.
அப்படிப் பிடித்தால் அந்தக் குடையில்
ஒரு குடம் மழை நிற்கும்.
கோப்பையைப் பாருங்கள்,
கழுவிக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது.